ஊர்க் குழுவுக்கு 47 விதிகள் எதற்கு?

வாசகர் கேள்விக்கு வழக்கறிஞரின் பதில்

கடிதத்தின் சுருக்கம்: ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து 36 வயதுப் பெண்மணி எழுதியிருக்கிறார். கணவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். 2020 ஊரடங்கின்போது, வளைகுடாவில் மாட்டிக்கொண்ட ஊர்க்காரர்களுக்கு விமான விவரம் சொல்வதற்காக இவர் தொடங்கிய வாட்ஸ்அப் குழு, இன்று மூன்று குழுக்களாகி 2,300 பேரோடு நிற்கிறது. ஊரில் இருப்பவர்கள் பாதி. மீதிப் பேர் அமீரகம், சவூதி, குவைத், சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, பிரிட்டன் என்று சிதறிக் கிடக்கிறார்கள். அட்மின்கள் ஆறு பேர். அதில் பெண் இவர் ஒருவர்தான்.

சமீபத்தில் அடுத்தடுத்து நான்கு சம்பவங்கள். காணாமல் போன படகைப் பற்றி வந்த வாய்ஸ் நோட் பொய் என்று தெரிவதற்குள் ஊரே கூடி அழுதுவிட்டது. துபாயிலிருக்கும் ஒருவர், விசாவுக்குப் பணம் வாங்கி ஏமாற்றியதாக ஒரு டிராவல்ஸ்காரரின் படத்தைப் போட்டு மோசமாகத் திட்டியிருக்கிறார். டிராவல்ஸ்காரர் அங்கேயே புகார் கொடுக்கப்போவதாக மிரட்டுகிறார். கல்யாண வீட்டில் பெண்கள் பக்கம் எடுத்த படங்கள் குழுவுக்கு வந்து, அதில் 17 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியின் படம் மட்டும் வெட்டி எடுக்கப்பட்டு, கேவலமான வரிகளோடு வேறு குழுக்களில் சுற்றுகிறது. இலங்கையின் மன்னாரிலிருந்து ஒருவர், கடல் அட்டை என்ற கடலுயிரியின் வியாபார விளம்பரம் போடுகிறார்.

இணையத்தில் கிடைத்த ஆங்கில விதிகளையெல்லாம் சேர்த்து 47 விதிகள் தயாரித்து அனுப்பியிருக்கிறார். “எந்த நாட்டுச் சட்டப்படி எழுதுவது? அட்மின் என்பதற்காக நான் ஜெயிலுக்குப் போவேனா? ‘பதிவுகளுக்கு அட்மின்கள் பொறுப்பல்ல’ என்று போட்டால் போதுமா? ‘குழுவையே கலைச்சுட்டு நிம்மதியா இரு’ என்கிறார் கணவர். என்ன செய்ய?” என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரி,

விதிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தப் பெண்பிள்ளையின் விஷயம். அதற்கு விதி எழுதும்வரை காத்திருக்க முடியாது. முதலில் அவளுடைய அம்மாவிடம் நேரில் போய்ப் பேசுங்கள், போனில் வேண்டாம். 18 வயது நிரம்பாததால் சட்டத்தின் கண்ணில் அவள் குழந்தை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வரும். படம் எந்த எண்ணிலிருந்து, எந்தத் தேதியில், எந்தக் குழுவுக்கு வந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, உங்கள் குழுக்களில் இருப்பதை எல்லோருக்கும் அழியும்படி நீக்குங்கள். குடும்பத்தார் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம், 1098 எண்ணில் குழந்தைகள் உதவி மையத்தை அழைக்கலாம். மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அங்கே பெயர் சொல்லாமலும் புகார் பதியலாம். படத்தை ஆபாசமாக மாற்றியிருந்தால், “ஆதாரத்துக்காக” என்றுகூட யாரும் அதை போனில் வைத்துக்கொள்ளவோ, உங்களுக்கு அனுப்பவோ வேண்டாம். குழந்தைகளின் ஆபாசப் படங்களைப் புகார் செய்யாமல் வைத்திருப்பதே போக்சோவின்படி குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நல்ல எண்ணத்தில் “இந்தப் படத்தை யாரும் பரப்பாதீங்க” என்று எழுதி அந்தப் படத்தையே மறுபடி அனுப்புகிறவர்கள் நம் ஊர்களில் நிறைய. அதை முதலில் நிறுத்துங்கள்.

சரி, இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

அட்மின் என்ற பெயருக்காக மட்டும் குற்றவாளி ஆகமாட்டீர்கள்

உங்கள் கடிதத்தில் ஐந்து இடத்தில் “ஜெயில்” என்ற சொல் வருகிறது. அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். உறுப்பினர் ஒருவர் போட்ட பதிவுக்கு அட்மின் தானாகவே பொறுப்பாளி ஆகிவிடமாட்டார் என்று பல உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. 2016-இல் டெல்லி, 2021-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை, 2022 பிப்ரவரியில் கேரளா. நம் மாவட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு உட்பட்டது. அந்தக் கிளையே 2021 டிசம்பரில், கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு தொடர்பான வழக்கில், மனுதாரர் அட்மினாக இருந்ததைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை என்றால் போலீஸின் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்கிவிட வேண்டும் என்று சொன்னது.

ஆனால் இதை முழுப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பதிவு போட்டவரோடு நீங்களும் சேர்ந்து திட்டமிட்டிருந்தாலோ, நீங்களே அதை இன்னொரு குழுவுக்கு அனுப்பினாலோ, அப்போது உங்களைப் பிடிப்பது அட்மின் என்ற பட்டம் அல்ல, உங்கள் செயல். “நான் எழுதலை, ஃபார்வர்டுதான் செஞ்சேன்” என்பதும் நிற்காது. ஒரு செய்தியை மற்றவர்களுக்கு அனுப்புகிறவர் அதன் விளைவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு முன்னாள் சட்டமன்ற உறுப்பினரின் வழக்கில் சொன்னது. அப்புறம், கடைசியில் விடுதலை ஆவது வேறு, நடுவில் அலைவது வேறு. விசாரணைக்குக் கூப்பிடலாம், போனை வாங்கி வைக்கலாம். அதனால்தான் விதி வேண்டும் என்கிறேன்.

“அட்மின்கள் பொறுப்பல்ல” என்ற வரியைப் போடலாம், தவறில்லை. ஆனால் நீங்கள் செய்யாததற்கு அந்த வரி இல்லாமலே நீங்கள் பொறுப்பல்ல. நீங்களே செய்ததற்கு அந்த வரி உங்களைக் காப்பாற்றாது. பிறகு, உங்கள் 47 விதிகளில் 31-ஆவதாக “தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ பிரிவின்படி நடவடிக்கை எடுக்கப்படும்” என்று இருக்கிறதே, அதை எடுத்துவிடுங்கள். அந்தப் பிரிவை 2015 மார்ச் 24 அன்றே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. செத்துப்போன சட்டத்தைக் காட்டி யாரையும் மிரட்டக் கூடாது.

எந்த நாட்டுச் சட்டம்?

இந்தக் கேள்வியில்தான் நீங்கள் அதிகம் குழம்பியிருக்கிறீர்கள். குழு இந்தியாவில் தொடங்கியது, அதனால் எல்லோருக்கும் இந்தியச் சட்டம் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. ஆள் எந்த மண்ணில் நிற்கிறாரோ அந்த மண்ணின் சட்டம் அவரைப் பிடிக்கும். அவர் இந்தியக் குடிமகனாக இருந்தால், வெளிநாட்டில் இருந்துகொண்டு செய்ததற்கும் நம் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். ஆக, ஷார்ஜாவில் இருக்கும் உங்கள் கணவரின் தலைமேல் இரண்டு சட்டம். ஈப்போவில் மலேசியக் குடியுரிமையோடு இருக்கும் உங்கள் பெரியப்பா மகனுக்கு முதலில் மலேசியச் சட்டம். உங்களுக்கு இந்தியச் சட்டம். ஆனால் விசிட் விசாவில் ஷார்ஜா போய் இறங்கினால், அங்கே இருக்கும்வரை போனில் நீங்கள் தட்டுகிற ஒவ்வொரு வரிக்கும் அமீரகச் சட்டம்.

அந்தச் சட்டங்கள் எவ்வளவு கடுமையானவை என்பது, வெளிநாட்டில் வேலை பார்க்கும் சபுராளிகள் பலருக்கே தெரியாது. அமீரகத்தில் 2022 ஜனவரி 2 முதல் நடைமுறையில் இருக்கும் வதந்தி, சைபர் குற்றத் தடுப்புச் சட்டத்தில், இணையம் வழியாக ஒருவரை இழிவுபடுத்தினால் சிறையோ, 2,50,000 முதல் 5,00,000 திர்ஹம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். அடுத்தவரின் அனுமதி இல்லாமல் அவர் படத்தை எடுத்துப் பரப்புவதும் அங்கே தனிக் குற்றம். ஒருவரைத் திட்டி அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கெல்லாம் அங்கே வழக்கு நடந்திருக்கிறது. சவூதியில் 2007-இன் சைபர் குற்றச் சட்டப்படி அவதூறுக்கு ஓராண்டு வரை சிறை, 5,00,000 ரியால் வரை அபராதம். மலேசியாவில், இணையத்தில் மோசமான, மிரட்டுகிற பதிவு போடுவதைக் குற்றமாக்கும் 1998-இன் தகவல்தொடர்புச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு இருக்கிறது. சிங்கப்பூரில் பொய்ச் செய்திக்கு எதிரான 2019-ஆம் ஆண்டுச் சட்டம், மூடிய குழுக்களில் வரும் செய்தியையும் தொடும். இலங்கையில் 2024 பிப்ரவரி 1 முதல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம், அதாவது ஆன்லைன் பாதுகாப்புச் சட்டம்.

இதைப் படித்ததும், “அப்ப எல்லா நாட்டுச் சட்டத்தையும் சேர்த்து, எது ரொம்பக் கடுமையோ அதை எல்லோருக்கும் விதியா போட்ருவோமா?” என்று தோன்றும். உங்கள் 47 விதிகள் அப்படித்தான் பிறந்திருக்கின்றன. அது வேண்டாம் என்பதே என் கருத்து. அமீரகத்தின் அளவுகோலை நம் மண்டபம் ஊரில் இருப்பவருக்கும் மாட்டிவிட்டால், தெருவில் குடிநீர் வராததற்கு ஊராட்சியைக் கேள்வி கேட்கக்கூட அவர் பயப்படுவார். அது அவருடைய உரிமை. நீங்கள் அதைப் பறிக்கக் கூடாது. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பதிவையும் பார்க்கும்போது ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வார்த்தையால் அடிபடப் போகிறவர் யார், அவர் எங்கே இருக்கிறார்? படம் போடப்பட்ட பெண் ஊரில் இருக்கலாம். திட்டி எழுதி மாட்டிக்கொள்ளப் போகிறவர் துபாய் தொழிலாளர் கேம்ப்பில் எட்டுப் பேரோடு ஒரு அறையில் இருக்கலாம். உங்கள் விதிகள் காப்பாற்ற வேண்டியது முதலில் இவர்களை.

மூன்று குழுக்கள் இருப்பது ஒரு வசதி. ஒன்றை ஊர்ச் செய்திக்கு மட்டும் என்று வைத்து, அட்மின்கள் மட்டுமே பதிவிடும்படி அமையுங்கள். மௌத்துச் (இறப்பு) செய்தி, கல்யாணம், ரத்தம் தேவை, படகுத் தகவல் எல்லாம் அதில் வரட்டும். விவாதம் எல்லாம் இன்னொரு குழுவில். வளைகுடாவில் இருப்பவர்களை விவாதக் குழுவில் நீங்களாகச் சேர்க்காதீர்கள். அவர்களாகக் கேட்டால் சேருங்கள்.

மன்னார் உறுப்பினரின் கடல் அட்டை விளம்பரத்தை இதே கண்ணோடு பாருங்கள். அவர் பொய் சொல்லவில்லை. இலங்கையில் உரிமம் பெற்று அட்டை பிடிக்கலாம், வளர்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம். நமக்கோ 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முழுத் தடை. கடல் குதிரைக்கும் அப்படித்தான். ஒரே கடல், நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் தொழில், இந்தப் பக்கம் குற்றம். நம் கரையில் யாராவது “எனக்கும் வேணும், விலை என்ன?” என்று குழுவிலேயே கேட்டுவிட்டால், வனத்துறையின் வழக்குக்கு அந்தக் கேள்வியே ஆதாரம். எனவே அவரைக் குற்றவாளி மாதிரி நடத்தாமல், தனியாகப் பேசி, “அண்ணே, உங்களுக்குச் சரி, எங்க புள்ளைகளுக்கு ஆபத்து” என்று சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். புரிந்துகொள்வார்.

டிராவல்ஸ்காரர் விவகாரம்

துபாய் உறுப்பினருக்கு உங்கள் மூலமாகச் சொல்கிறேன்: பதிவை உடனே நீக்கட்டும். பதிலுக்குப் பதில் எழுத வேண்டாம். அங்கே புகார் உண்மையிலேயே பதிவானால், அங்கே உரிமம் பெற்ற வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும். என்னைப் போன்றவர்கள் அங்கே வாதாட முடியாது. இந்தியத் துணைத் தூதரகத்தையும் அணுகலாம்.

“நடந்தது உண்மைதானே, உண்மையைச் சொன்னால் எப்படி அவதூறு?” என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நம் நாட்டிலேயே உண்மை மட்டும் போதாது. உண்மையாகவும் இருக்க வேண்டும், பொதுநலனுக்காகவும் சொல்லப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவிலிருந்து விலக்கு. “குழுவுக்குள்ளதானே பேசினோம், வெளியிலயா பேசினோம்” என்பதும் தவறான எண்ணம். அவதூறுக்கு மூன்றாவது ஆள் ஒருவர் கேட்டாலே போதும். உங்கள் குழுவில் இருப்பது 2,300 பேர்.

அதற்காக, ஏமாந்தவர்கள் வாய் மூடிக் கிடக்க வேண்டும் என்று விதி எழுதிவிடாதீர்கள். அது பெரிய பாவம். இந்தக் கரையில் விசாவுக்காக நகையை அடகு வைத்தவர்களின் கண்ணீரை நான் நேரில் பார்த்தவன். எச்சரிக்கை போகத்தான் வேண்டும். எப்படி எழுதுவது என்பதை மட்டும் விதியாக வையுங்கள்: தனக்கு நடந்ததை மட்டும் எழுதலாம், தேதி, கொடுத்த தொகை, ரசீது உண்டா என்ற விவரத்தோடு எழுதலாம், பட்டப்பெயரும் படமும் வசையும் கூடாது. பெயரைப் பொதுவில் போடுவதற்கு முன் ஊரில் இருக்கும் அட்மின் ஒருவர் ஆவணத்தைப் பார்க்கட்டும். கூடவே நிரந்தரமாக ஒரு தகவலை மேலே பொருத்தி வையுங்கள்: வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் 1983-இன் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும், பதிவு உண்டா என்பதை மத்திய அரசின் இமைகிரேட் (eMigrate) தளத்தில் யாரும் பார்க்கலாம், சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான், அதற்கு மேல் கேட்கக் கூடாது. இந்த நான்கு வரி காப்பாற்றுகிற ஆட்கள், நூறு வசைப் பதிவு காப்பாற்றுகிறவர்களைவிட அதிகம்.

கடலிலிருந்து வரும் செய்தி

சில வருடங்களுக்கு முன் ஜாமீன் விஷயமாக என் அலுவலகத்துக்கு ஓர் அம்மா வந்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே போன் சத்தம் கேட்டது. எடுத்துக் காதில் வைத்தார். அரை நிமிடம்கூட இல்லாத வாய்ஸ் நோட். “போட்டு கவுந்துருச்சாம்... நாலு பேரும் போயிட்டாகளாம்...” அந்தப் படகில் அவருடைய இளைய மகன் இருந்தான். அவர் கத்தவில்லை. போனை மேசைமேல் வைத்து, விரலால் அந்த அம்புக்குறியைத் தொட்டுத் தொட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஐந்தாவது முறை கேட்கும்போது குரல் எந்த ஊர்க்காரருடையது என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. சாயங்காலம் நான்கு மணிக்கு மகன் அடுத்தவர் போனிலிருந்து பேசினான். இஞ்சின் பழுது. இன்னொரு விசைப்படகுக்காரர்கள் கயிறு கட்டி இழுத்துவந்து கரை சேர்த்திருக்கிறார்கள். நான்கு பேரும் நலம்.

அந்த வாய்ஸ் நோட்டை அனுப்பியவர் குவைத்தில் இருப்பவர். கெட்டவர் இல்லை. யாரோ சொன்னதைக் கேட்டுப் பதறிப்போய் அனுப்பியவர். பொய்யான செய்தியைப் பரப்புவதைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 353-ஆவது பிரிவு, அவரைப் போல உண்மை என்று நம்பிக் கெட்ட எண்ணம் இல்லாமல் சொன்னவரைப் பிடிக்காது. பிடிக்கவும் கூடாது. சட்டம் எட்டாத இந்த இடத்தில்தான் உங்கள் விதிக்கு வேலை. உங்கள் 47 விதிகளும் கெட்டவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆனால் உங்கள் குழுவில் பெரும்பாலான தீங்கு நல்லவர்களின் அவசரத்தால் வருகிறது.

ஆகவே படகுச் செய்திக்கென்று தனியாக ஒரு விதி. கரையில் இருக்கும் மூன்று பேரை நியமியுங்கள். விசைப்படகுச் சங்கத்தில் ஒருவர், நாட்டுப்படகுக்காரர் ஒருவர், பெண் ஒருவர். அவர்கள் மட்டுமே இந்தச் செய்தியைப் போடலாம். மற்றவர்களுக்கு ஏதாவது தெரிந்தால் அந்த மூவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். படகின் பதிவு எண், கிளம்பிய நேரம், கடைசியாகப் பேசிய நேரம், இவை இல்லாமல் எந்தச் செய்தியும் வரக் கூடாது. உயிரிழப்பு என்றால், வீட்டாருக்கு நேரில் சொல்லி முடிக்கும்வரை குழுவில் வரவே கூடாது. கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, இரண்டு எண்களையும் விதியோடு சேர்த்து எழுதுங்கள். குழுவில் கேட்பதற்கு முன் அங்கே அழைக்க வேண்டும்.

வசூல்

இலங்கைச் சிறையில் இருக்கும் மீனவர் குடும்பங்களுக்காக உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் பணம் திரட்டலாமா என்று போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். இதுதான் உங்களுக்கு நிஜமாகவே ஆபத்து. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் சபுராளி தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படாது. மலேசிய, சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால், அவர் நம் சொந்தக்காரரே ஆனாலும், 2010-இன் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் குறுக்கே வரும். இரண்டும் ஒரே கணக்கில் கலந்தால் பிரித்துக் காட்டுவது பெரும்பாடு. அமீரகத்தில் அனுமதி இல்லாமல் இணையத்தில் நன்கொடை கேட்பதே குற்றம். அந்த வேண்டுகோளை அங்கிருந்து பகிர்கிறவரும் மாட்டலாம். குழுவில் வசூல் கிடையாது என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள். உதவ நினைக்கும் ஊர்க்காரர் பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாகச் செய்யட்டும்.

அரசியல், மதம், சாதி

“அரசியல் பேசக் கூடாது” என்பது உங்கள் முதல் விதி. இந்தக் கரையில் அரசியலை விலக்கிவிட்டால் பேசுவதற்கு என்ன மிச்சம்? கச்சத்தீவு அரசியல். 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் அதற்கான 8,000 ரூபாய் நிவாரணமும் அரசியல். கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலை வேண்டுமா வேண்டாமா என்பது மன்னார், யாழ்ப்பாண உறவுகளோடு நமக்கு இருக்கும் தீராத வழக்கு. “உங்க போட்டு வந்து எங்க வலைய அறுத்துட்டுப் போவுது” என்று அந்தப் பக்கத்துத் தம்பி எழுதினால், அது நம்மவருக்குக் கசக்கும். ஆனாலும் அந்தப் பதிவு இருக்கட்டும். வலை அறுந்தவன் அதைச் சொல்லாமல் வேறு என்ன சொல்வான்? “இலங்கைக்காரனெல்லாம் இப்படித்தான்” என்று ஒரு கூட்டத்தையே இழுத்தால் அது போக வேண்டும். விஷயத்தோடு மோதலாம், ஆளோடும் கூட்டத்தோடும் மோதக் கூடாது.

மதத்தில் இவ்வளவு தாராளம் வேண்டாம். ஏர்வாடி சந்தனக்கூடு, ஓரியூர்த் திருவிழா, ராமேஸ்வரம் ஆடி அமாவாசை என்று எல்லாவற்றுக்கும் வாழ்த்துச் சொல்லிக்கொள்ளும் மாவட்டம் இது. வாழ்த்து வரலாம். எது பெரியது என்ற வாதம் வேண்டாம். பகையைத் தூண்டுவதற்கும் மத உணர்வைப் புண்படுத்துவதற்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் உள்ள 196, 299 பிரிவுகள் இரண்டுமே மூன்றாண்டு வரை சிறை தரக்கூடியவை. சாதியைப் பற்றி உங்கள் 47 விதிகளில் ஒரு வார்த்தை இல்லை. வெளிநாட்டு விதிகளைப் பார்த்து எழுதினால் இதுதான் நடக்கும், நம் வீட்டுப் பிரச்சினை விட்டுப்போகும். சாதித் தலைவர்களின் நினைவு நாட்களை ஒட்டி, செப்டம்பர், அக்டோபரில் நம் மாவட்டத்தில் கூட்டம் கூடத் தடை உத்தரவு வருவது வழக்கம் என்று உங்களுக்கே தெரியும். சாதிப் பெருமை, சாதி இழிவு, பழைய மோதல் வீடியோ எதுவும் எந்த மாதத்திலும் கூடாது என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

விதிகளை எழுதும் விதம்

உங்கள் வரைவில் 14-ஆவது விதியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “சமூகத் தரநிலைகளை மீறும் உள்ளடக்கம் நிர்வாகத்தின் முழு விருப்பப்படி நீக்கப்படும்.” எது தரநிலை? யாருடைய விருப்பம்? இதைப் படித்துவிட்டு தொண்டியில் இருக்கும் ஒருவர் தன் பதிவு சரியா தவறா என்று முடிவு செய்ய முடியுமா? நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: “பெண்கள், பிள்ளைகள் படத்தை அவர்களோ வீட்டாரோ சொல்லாமல் போடக் கூடாது. கல்யாண வீட்டுப் படமும் இதில் சேரும்.” “குழுவில் எண்ணைப் பார்த்துப் பெண்களுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பினால், முதல் தடவையே வெளியே.” “எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாததை அனுப்பாதீர்கள்.” இந்த மாதிரிப் பத்து வரி போதும். அதையே ஐந்து நிமிட வாய்ஸ் நோட்டாகவும் பேசிப் போடுங்கள். ஊரில் படிக்கத் தெரியாத பெரியவர்களும், கோலாலம்பூரில் பிறந்து தமிழ் பேச மட்டும் தெரிந்த பிள்ளைகளும் கேட்பார்கள்.

தவறு செய்தவரை என்ன செய்வது? உங்கள் குழுவில் இருப்பது யாருக்கும் சட்ட உரிமை இல்லை, நீக்க உங்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஊரில் ஒருவரைக் குழுவிலிருந்து தூக்குவது தலைமுறைப் பகையாகிவிடும். பதிவை நீக்கி, தனியாகக் காரணம் சொல்லுங்கள். இரண்டாம் முறை ஒரு வாரம் வெளியே வைத்து மறுபடி சேருங்கள். மூன்றாம் முறைதான் நிரந்தரம். பிள்ளைகள் படம், பெண்களைத் துன்புறுத்துவது, மதச் சாதி வெறி இவற்றுக்கு இந்தப் படிகள் கிடையாது. இரண்டு அட்மின்கள் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். தவறு செய்தவரின் வீட்டுக்காரரோ, அதே படகில் பங்கு உள்ளவரோ அந்த இருவரில் இருக்கக் கூடாது. “நம்ம ஊர்ல சொந்தம் இல்லாத ஆளா?” என்பீர்கள். சொந்தம் இருக்கட்டும், ஒரே வீடும் ஒரே தொழிலும் இல்லாமல் இருந்தால் போதும். எடுத்த முடிவுகளை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். நாளைக்கு யாராவது உங்களை நோக்கி விரல் நீட்டினால், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை என்பதற்கு அந்த நோட்டுதான் சாட்சி.

நேரத்தையும் கணக்கில் எடுங்கள். நமக்கு நள்ளிரவு 12 மணி என்றால் துபாயில் 10.30, சவூதியில் 9.30. வேலை முடிந்து சாப்பிட்டுப் படுத்து, போனை எடுக்கிற நேரம். நீங்கள் தூங்கும்போதுதான் பெரும்பாலான சண்டைகள் தொடங்கியிருக்கின்றன என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. இரவு 11 முதல் காலை 5 வரை விவாதக் குழுவைப் பூட்டிவிடுங்கள். மலேசியாவில் விடிவது நமக்கு முன்பே என்பதால், காலையில் திறக்கும் பொறுப்பை அங்கே இருக்கும் ஒருவரிடம் கொடுங்கள்.

“பெண் அட்மினாக இருக்கக் கூடாது” என்று இரண்டு பேர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் விலக வேண்டாம். இன்னும் இரண்டு பெண்களைச் சேருங்கள். அந்தக் கல்யாணப் படம் வந்தபோது குழுவில் ஐந்து ஆண் அட்மின்கள் விழித்திருந்தும், இது தவறு என்று முதலில் சொன்னது நீங்கள்தானே?

உங்கள் கணவரின் கவலையில் அன்பு இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் குழுவைக் கலைத்தால் 2,300 பேரும் பேசாமல் இருந்துவிடப் போவதில்லை. யாரும் கேள்வி கேட்காத வேறு குழுவுக்குப் போவார்கள். நீங்கள் இங்கே அட்மினாக இருப்பதனாலேயே ஷார்ஜாவில் அவருக்குத் தொல்லை வராது. அவர் அங்கிருந்து போடுவதிலும் பகிர்வதிலும்தான் கவனம் வேண்டும். அதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள்.

வரைவைக் குழுவில் போடுவதற்கு முன் மூன்று பேருக்குப் படித்துக் காட்டுங்கள். உங்கள் தெருவில் வலை முடைகிற அண்ணன் ஒருவர், ஷார்ஜா கேம்ப்பில் இருக்கும் தம்பி ஒருவர், உங்கள் மாமியார். மூவரில் யாராவது “இதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டால் அந்த வரியை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், சட்டப்படி இடறுகிற இடம் இருந்தால் குறித்துத் தருகிறேன்.